ஒரே சத்தம்

கொழிஞ்சாம்பாறையில் ஒர்க்‌ஷாப்பை மூடிய பௌலோஸ்
இரண்டு தூண்களையும் தேங்காய் லாரியில் ஏற்றிவிட்டு
போல்ட்டு நட்டுகளைப் பெயிண்ட் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.
செக்போஸ்ட்டில் கேட்டார்களாம்,
எந்தக் கோயில் கொடிமரம்,
அதுவும் எதற்கு இரண்டு என்று.

வாசலை வெட்டி எட்டு அங்குலம் கான்கிரீட் போட்டிருந்தோம்.
இருபத்தெட்டு நாள்
தக்காளிக்குப் பாய வேண்டிய தண்ணீரை
சிமெண்டுக்குப் பாய்ச்சினேன்.
என்ன வெள்ளாமைங்க என்று கேட்டவர்களிடம்
காரு என்றேன்.

ஆறுச்சாமிக்கு வலது காது கிரைண்டரோடு போயிற்று,
பஸ் பாடி கட்டும் பட்டறையில், பதினெட்டு வருஷத்தில்.
இடது காதையும் ஆடி மாதம் நம்ப முடியாது.
கணவாயில் கிளம்பும் காற்று
வேலந்தாவளத்தில் யாரையும் முழுசாகப் பேச விடாது.
தூக்குக்குண்டும் நிற்கவில்லை,
ஊஞ்சல் ஆடியது.
பக்கெட் தண்ணீரில் குண்டை முக்கினேன்.
அடங்கியது.
நூல் சொன்னது:
இடது தூண் அரை விரல் உள்ளே சாய்ந்திருக்கிறது.
மழைத்தண்ணி ஓடட்டும் என்று அவரே வைத்த வாட்டம்தான்.
அடியில் தகடு சொருகினோம்,
ஒன்று, மூன்று, பிறகு இரண்டு.

அந்தத் தூணில் வெள்ளைப் பெயிண்டில் மலையாள எழுத்து.
"என்னமோ எழுதீருக்குதே, கம்பெனி பேரா?"
எட்டாவது வரைக்கும் நான் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம்.
"ஆமாங், கம்பெனி பேருதான்" என்றேன்.

வண்டி இல்லாமல் வெறும் கைகளை ஏற்றினார்.
மோட்டார் உறுமியது, குழாயில் காற்று இருமியது,
புது எண்ணெய் போய்ச் சேர்ந்ததும் சமாதானமானது.
சாண் உயரத்துக்கு ஒரு பூட்டு.
இடது தூணில் டக்.
ஒரு கடுகு வெடிக்கும் நேரம் கழித்து
வலது தூணில் டக்.
அந்தக் கடுகு அவருக்குக் கேட்கவில்லை.
நான் வலது தூணில் உள்ளங்கையை வைத்து நின்றேன்,
என் பூட்டு விழுந்ததும் விரல் தூக்குவேன்.
அவர் ஏணியில், கம்பிக்கயிற்றின் நட்டில் ஸ்பேனரோடு.
அரைச் சுற்று.
அதிகம்.
கால் சுற்று திரும்பி வாங்க.
இத்தனை வருஷத்தில்
நான் சொன்ன கால் சுற்றை மறுபேச்சில்லாமல் அவர் திருப்பியது
அன்றைக்குத்தான்.

பொழுது சாயும் நேரம்
ஒரே ஒரு டக்.
அவர் முகம் வெளுத்துவிட்டது.
"உன்னுது விழுகலையா?"
விரல் தூக்கியிருந்தேன்.
அவர் பார்க்கவில்லை.
இன்னொரு தரம் ஏற்றச் சொன்னேன்.
ஒரே டக்.
இறங்கி வந்து, என் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்தார்.
இன்னொரு தரம்.
பிறகு கையை எடுக்காமல்
டீ இருக்கா என்று கேட்டார்.

மறுநாள் செல்லத்துரையின் பால் ஆம்னி.
நான்கு கைகளும் நான்கு இடம் தேடிப் பிடித்தன.
ஒரு அடி ஏற்றி, பம்பரைப் பிடித்து உலுக்கினார்.
கேன்கள்தான் குலுங்கின.
ஆறடிக்கு ஏறியதும்
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.
செருப்பு எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை.
அப்போதுதான் சொன்னேன்,
இடது தூணில் எழுதியிருப்பது
அடியில் நிற்காதே என்று.
என்ன என்றார். காற்று.
கத்திச் சொன்னேன்.
"அப்பறம் எங்கதான் நிக்கறது?"
சிரித்தார்; ஆயில் ஒரு சொட்டு தோளில் விழுந்தது.

பத்து நட்டுக்கும்
மகளின் நகப்பூச்சால் ஒரு கோடு,
நட்டிலிருந்து தகடு வரைக்கும், சிவப்பு.
கோடு உடைந்தால் நட்டு அசைந்திருக்கிறது.
காலையில் வாசல் கூட்டும்போது குனிந்து பார்ப்பேன்.
பதினோராம் நாள், எட்டாவது நட்டில்
ஒரு மயிரிழை விலகல்.
அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.
டார்க் ரெஞ்சை எடுத்து நானே இழுத்தேன்,
அது போதும் என்று சொடுக்கும் வரை.
பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப்
புதுசாக ஒன்று போட்டேன்.
காய அரை மணி.
அதுவரை கோழி மிதிக்காமல்
விளக்குமாற்றோடு நின்றேன்.