சுட்டுவிரலின் மீதி

வால்டிவியாவில் ஜூன் பிறந்துவிட்டால்
வானத்துக்கு ஒரே வேலைதான்.
மருந்துக்கடையில் மதியம்வரை விடுப்பு சொல்லிவிட்டு
நாத்தனாரின் கேமராவை
ரொட்டிப் பைக்குள் சுற்றி எடுத்துக்கொண்டு
ஆற்றோர மீன்சந்தையின் பின்பக்கம் வந்து நிற்கிறேன்.
இங்கே தகரக் கூரை
ஓரிடத்தில் மட்டும் நெளிந்திருக்கிறது.
நெளிவின் நுனியில் ஒரு சொட்டு
திரள்கிறது
கனக்கிறது
யோசிக்கிறது
நான் இமைக்கும் நேரம் பார்த்து விழுகிறது.

நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
ஒன்றிலும் மழை இல்லை.
சாம்பல் நிறம் இருக்கிறது, ஏராளமாக.
ஒன்றில் என் கட்டைவிரல்.
நொடியை நாலாயிரமாக நறுக்கினால்
படம் கருத்துப்போகிறது,
கொஞ்சம் தாராளம் காட்டினால்
துளி கோடாக நீள்கிறது,
அவசரத்தில் யாரோ அடித்துவிட்ட சொல் மாதிரி.
அது வரும்போது குவியம் வைக்க நேரமில்லை.
நேரம் இருக்கும்போதோ
அங்கே வெறும் காற்று.
காற்றின்மேல் எப்படிக் குவிப்பது?

"என்ன, கூரையைத் திருடப் போறியா?"
சியர்ரா மீனின் வயிற்றைக் கீறிக்கொண்டே கேட்டார்
ரெமிஹியோ கத்ரிலேயோ.
சொன்னேன்.
சிரிக்கவில்லை. கத்தியை மேலங்கியில் துடைத்தார்,
வந்தார்,
நெளிவுக்கு நேர் கீழே கையை நீட்டினார்.
"இதைப் பிடிச்சுக்கோ. இது நகராது."

நீட்டிய சுட்டுவிரல்
நடுக்கணுவோடு நின்றுவிட்டிருந்தது.
மீதியைக் கோரல் துறையில்
ஒரு வின்ச் கயிறு எடுத்துக்கொண்டதாம்.
கிலோ என்ன விலை என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்.

மீன்தலைக்காகக் காத்திருந்த கடல்சிங்கம்
படித்துறையிலிருந்து
எங்கள் இருவரையும் திட்டியது.

வளையத்தைத் திருகினேன்.
தழும்பின் ஓரத்துச் சுருக்கம்வரை தெளிவானது.
"போதும், கையை எடுத்திடு..."
சொல்லி முடிப்பதற்குள்
என் விரல் அழுத்திவிட்டது.

குடைக்குள் தலையை விட்டு
இருவரும் சின்னத் திரையைப் பார்த்தோம்.
விரல் முடிகிறது.
அதற்கப்பால் மயிரிழை இடைவெளி.
அதற்கப்பால்,
நகம் இருந்திருக்க வேண்டிய இடத்தில்,
துளி.
குழந்தைகள் வரையும் கண்ணீர் வடிவமில்லை அது.
அடிப்பக்கம் லேசாக அமுங்கி
ஒரு பன்னைப் போல உட்கார்ந்திருக்கிறது, அந்தரத்தில்.
உள்ளே ஆறு மேலே, வானம் கீழே,
கடல்சிங்கம் வௌவாலாகத் தொங்குகிறது.

ரெமிஹியோ வெகுநேரம் பார்த்தார்.
அவர் கட்டைவிரலிலிருந்து ஒரு செதில்
திரையில் ஒட்டிக்கொண்டது.
"சின்னதா இருக்கு," என்றார்.
"என்னோடது இதைவிடப் பெரிசு."

பிறகு கடைக்குப் போய்விட்டார்.

நான் மணி ஒன்றுவரை நின்றேன்.
குவியம் வைத்த இடம் மாறாமல்
இன்னும் முந்நூறு எடுத்தேன்.
பாதிக்குமேல் துளிகள் அகப்பட்டன,
உருண்டையாக, கூர்மையாக,
யாருடையதாகவும் இல்லாமல்.
காலணிக்குள் சாக்ஸ் ஊறி
ஒவ்வோர் அடிக்கும் ஏதோ புகார் சொன்னது.

கிளம்பும்போது
நீலக் கோட்டுக்காரி ஒருத்தி
பனிக்கட்டிமேல் கிடந்த இருபது மீன்களில்
எது இன்று காலை பிடித்தது என்று கேட்டாள்.
ரெமிஹியோ சுட்டிக் காட்டினார்,
அந்த விரலாலேயே.

அவள் குழம்பவில்லை.
விரல் நின்ற இடத்திலிருந்து
மூன்றாவது மீனை,
சரியாக அதையே,
வாலைப் பிடித்துத் தூக்கினாள்.
சொட்டியது.