பதினான்காவது வரி

பூசை முடிந்து பாதர் தந்த கோப்பு பழையது.
மூலையில் காய்ந்த மெழுகு.
போன வருடம் இதே கோப்பில்
கருக்கலைப்புச் சட்டத்துக்கு எதிராக
ஒரே காலையில் நானூறு கையொப்பம்.
பேனை கேட்டு வரிசையில் நின்றார்கள்.

இந்த முறை தூக்குமரம்.
வெலிக்கடையில் நாற்பது வருடத்துக்கும் மேலாய்ச்
சும்மா கிடக்கிற பலகையைத்
தூசி தட்டுவோம் என்கிறார்கள் மேடைகளில்.
தட்ட வேண்டாம் என்று
எங்கள் பங்கு எழுத வேண்டும்.
மூன்று ஞாயிறு போயிற்று.
பதின்மூன்று பேர்.

முதலாவது நான்.
துறைமுகக் கணக்கேட்டில் முப்பது வருடம் பழகிய
சாய்வில்லாத எழுத்து.
எனக்கு ஒரு சதமும் செலவில்லை;
பிள்ளைகள் இருவரும் மெல்பேர்னில்.

ரெஜினோல்ட் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
"தூள் விற்கிறவனுக்கா?" என்றார்.
திரும்ப மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.
அந்த நானூறில் அவர் மூன்றாவது.

எமரன்சியாவிடம் போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
பதினான்காவது பெயர் அவளுடையதானால்
மீதி தானாய் விழும் என்று நானே கூட்டிப் பார்த்தேன்.
மகனை ஐஸுக்குக் கொடுத்தவள்
மன்னித்தாள் என்றால்
மற்றவர் என்ன செய்வார்கள்?
கணக்குப்பிள்ளை புத்தி.

புளூமெண்டால் தொடர்மாடி. லிப்ட் பழுது.
ஏழு மாடி ஏறி மூச்சு வாங்க நின்றபோது
கதிரையை இழுத்துப் போட்டாள்.
கதவுக்குப் பின்னால் கிளைவின் சப்பாத்து,
நாடா அவிழ்க்காமல் கழற்றியபடி.
ஒன்றரை வருடம்.

பாதரின் பிரசங்கத்தை அப்படியே ஒப்புவித்தேன்.
காயீன். அவன் மேல் விழுந்த அடையாளம்.
யாரும் அவனைத் தொடக் கூடாது.
அவள் போஞ்சி நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"காயீனுக்கு ஆண்டவர் அடையாளம் போட்டார், சரி.
ஆபேல்ட தாய்க்கு என்ன போட்டார்?"

தேத்தண்ணி ஆடை கட்டும் வரைக்கும்
நான் கோப்பின் மெழுகைச் சுரண்டினேன்.
ஜன்னலில் துறைமுகம்
பெட்டி மேல் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தது.

பிறகு அவளே சொன்னாள்,
என்னிடம் இல்லை, போஞ்சியிடம்:
"ரொஷான் ஒன்பதாம் மாடி.
ரெண்டு பேரும் ஒண்டாத்தான் பீடத்தில நிண்டவங்க.
இவன் தூபம், அவன் மணி.
ஸ்கூல் விட்டா இங்கதான் சாப்பாடு.
அவன்தான் முதல் பாக்கெட்டும் குடுத்தவன்.
கயிறு போடட்டும்.
நான் போய் முன்னால நிண்டு பார்ப்பன்."

கத்தி இரண்டு தரம் பலகையில் பட்டது.

"அவன்ட கழுத்து மெலிசு.
எந்தச் சட்டையும் காலர் பெரிசு.
நான்தான் பிடிச்சுத் தைச்சுக் குடுக்கிறது."

அதற்குப் பிறகு கத்தி ஓடவில்லை.
கையை நீட்டினாள். பேனையைக் கொடுத்தேன்.
கோப்பைத் திறந்து பிடித்தேன்,
வெட்கமில்லாமல், வரியைக் காட்டி.

"பேனையை வச்சிட்டுப் போங்க" என்றாள்.
"அதை எடுத்துட்டுப் போங்க."

இறங்கும்போது நாலாம் மாடியில்தான் உறைத்தது:
காயீனையும் பெற்றவள் அவள்தானே.
திரும்பி ஏறிச் சொல்லவா?
அவளுக்குத் தெரியாததா?
பாதருக்கும் எனக்கும்தான்
அது புதிது.
கீழே ஒரு பையன்
பைப்படியில் வாளி நிறையக் காத்திருந்தான்.
நானும் கொஞ்சநேரம் அந்த வாளியைப் பார்த்தபடி நின்றேன்.

அடுத்த ஞாயிறு இரவல் பேனை.
பதினைந்திலிருந்து எழுதச் சொன்னேன்.
ஏன் ஒரு வரி காலி என்று கேட்டவர்களுக்கு
ஆள் இருக்கிறது என்றேன்.
வருவாளா? தெரியாது.
வர வேண்டும் என்று கேட்கும் உரிமை
எனக்கு உண்டா, அதுவும் தெரியாது.

மழைக்கு முன் கோப்பை வாங்கி
பாதர் விரலால் எண்ணினார், இரண்டு தரம்.
"இலக்கம் முப்பத்தொன்று. பெயர் முப்பது.
ஒன்று குறைகிறதே?"

ஓம் பாதர், என்றேன்.