ஒறம்பரை

வீரபாண்டிப் பிரிவுக்குள்ளே
சாயப்பட்டறையின் உப்புக் கொட்டகை.
தகரத்தில் ஓட்டை.
மூன்று ராத்திரி ஐப்பசி மழை
கிழிந்த மூட்டை சிந்திவைத்த நீலப் பீப்பாயில்
சொட்டியிருக்கிறது.

கொட்டச் சொன்னார் மேலாளர்.
பழக்கதோஷம், கருவியை முக்கினேன்:
லிட்டருக்கு எழுபது கிராம்.
கடலைப் போல இரண்டு பங்கு.
சாய்க்கப் போகையில்
தண்ணீர் தானாக அசைந்தது.

பனியன் துணியில் கண்ணி எண்ணும் லென்ஸை வைத்துக் குனிந்தேன்.
ஒற்றைக் கண். துள்ளித் துள்ளி நீச்சல்.
ஒன்றல்ல, நூறு.

லாரி பெர்க்மான்ஸுக்குப் போன் போட்டேன்.
"உப்பளத்துப் பூச்சில்லா அது!
முட்டை தூசி மாதிரி இருக்கும்.
சாவாது. காஞ்சி கெடக்கும், அவ்வளவுதான்."

மூச்சில்லாமல், பசியில்லாமல்
ஓட்டுக்குள் உலர்ந்த கடலாகத்
தாராபுரம் ரோட்டில் குலுங்கி வந்திருக்கிறது.
ஒறம்பரை வந்தால்
எங்கள் பக்கம் முதலில் தண்ணி தருவோம்.
அதைத்தான் தந்திருக்கிறது
ஓட்டைத் தகரம்.

என் பங்குக்குத் தினமும்
இட்லி மாவில் ஒரு துளி.

மூன்றாம் வாரம் பதினோரு சோடிக் கால்கள்,
வயிற்றை வெளிச்சத்துக்குக் காட்டி
மல்லாந்தே திரிகின்றன.
குடிப்பதெல்லாம் உப்பு.
குடித்ததைச் செவுள் வழியே
இரவு பகலாக வெளியே தள்ளுகின்றன.
எனக்குக் கொதிப்பு நூற்றி அறுபது.
ஊறுகாய் ஆகாது, கருவாடு ஆகாது, அப்பளமும் ஆகாதென்று
அவிநாசி டாக்டர் எழுதிய சீட்டு
பையிலேயே இருக்கிறது.
உப்பை அளந்து சம்பளம் வாங்குகிறவளுக்கு
அப்படி ஒரு செவுள் வைக்கவில்லை.

மழை விட்டது. தண்ணீர் வற்ற வற்ற
தொண்ணூறு, நூற்றி இருபது, நூற்றி ஐம்பது.
காற்று குறைந்த நீரில்
கிடைத்த மூச்சை இறுக்கிப் பிடிக்க
ரத்தத்தைச் சிவப்பாக்கிக்கொண்டன.
பக்கத்துக் கூடத்தில் அதே சிவப்புக்கு
நாலு தடவை முக்கியும் நிறம் ஏறவில்லையென்று
ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

நல்ல தண்ணீரில் குஞ்சாகவே ஈன்றவள்
இப்போது ஈனவில்லை.
வயிற்றுப் பைக்குள் ஓடு கட்டினாள்.

மார்கழியில் பீப்பாய் காய்ந்தது.
உள்சுவரில், விரல் உயரத்தில்
மிளகுத்தூள் ஒட்டியது போல ஒரு கோடு.

பச்சை கலக்கப் பீப்பாய் கேட்டார் மேலாளர்.
வேறொன்றை உருட்டிக் கொடுத்தேன்.
"அதுக்கென்னங்க கேடு?"
"கழுவலைங்க."

பதிவேட்டில் அந்த மாதம்
உப்பு வரவு நாற்பது மூட்டை என்றுதான்
இருக்கிறது.