கிளியர்

மாங்குளச் சந்தியால் மணல் ட்ரக்டர் போகும்வரை
ஸ்ப்ரே கன்னைப் பிடித்தபடி நிற்கிறேன்.
நிலத்துக்கு ஐந்து வாளி ஊற்றியாயிற்று,
செம்புழுதிக்கு அது காணாது.

பொனற்றில் சிறுத்தை.
சுகிர்தன் முதலில் கேட்டது வரி.
"புள்ளி போடுறன், செக்பொயின்றில உனக்குச் சுகம்."
சிரித்தான்.
வரியைப் பற்றிப் பிறகு கதைக்கவில்லை.
மூன்று இரவு எயார்பிரஷ்ஷோடு
ஒவ்வொரு புள்ளியாய்.

முதல் கோட் பனிமாதிரி, பட்டும் படாமல்.
ஈரமாய் அடித்தால் மீசை கரைந்து ஓடும்.
பதினைந்து நிமிடம்.
ஓரத்து டேப்பில் விரல் வைத்தேன்,
நூல் இழுபடவில்லை.
இரண்டாவது கோட்டில்தான்
அதன் கண் நனைந்தது.

எங்கிருந்தோ ஒரு அந்து
இடக்காதில் வந்து குந்தியது.
டிலானி ஊசியை நீட்டினாள்.
உடல் வந்தது,
ஒரு சிறகு வரவில்லை.
இனி இரண்டாயிரம் தாளால் தேய்த்தாலும்
அது உள்ளேதான்.
சுகிர்தனுக்குத் தெரியாது; வெயிலுக்குத் தெரியும்.

இந்தக் காணியையும்
கிளியர் என்றுதான் தந்தார்கள்,
முத்திரை குத்திய கடிதத்தோடு.
வெள்ளை பூசிய கட்டைகள் பிடுங்கிய இடத்தில்
தின்னர் டின்கள் அடுக்கியிருக்கிறேன்.
வாளியோடு கிணற்றடிக்குப் போகையில்
இன்னமும்
பழைய காலடியில்தான் கால் வைக்கிறேன்.