போன வருஷத்துக்கு முந்தின வருஷம்

அந்தப் படிவத்துக்கு என்னைத் தெரியும்,
இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருந்த என்னை.
அவன் ஞாயிற்றுக்கிழமையும் ஆலைக்குப் போனான்.
மூன்றாம் இயந்திரம் படுத்துக்கொண்ட டிசம்பரில்
பதினோரு இரவு தொடர்ந்து நின்று
இரட்டைச் சம்பளம் வாங்கினான்.
அவனால் மகளைப் படிக்கவைக்க முடியும் என்கிறது கணக்கு.
எனக்கும் அவன்மேல் நம்பிக்கை உண்டு.
ஆனால் அவனை எங்கே போய்ப் பிடிப்பது?

ஓடெட் சமையலறை மேஜையில்
கடிதத்தை என் பக்கம் திருப்பினாள்.
மாநிலப் பல்கலைக்கழகம், மெய்ன்.
மேலே வாழ்த்து.
கீழே 'உதவி' என்று ஒரு பட்டியல்.
கூட்டிப் பார்த்தேன், மலைப்பாக இருந்தது.

"கூட்டாதீங்க அப்பா" என்றாள்.
பென்சிலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.
"இது மட்டும்தான் திரும்பக் கேட்காத பணம்.
இது கடன். இதுவும் கடன்.
இதில் வட்டி நான் படித்து முடிக்கும்வரை தூங்கும்.
இதில் முதல் நாளே கண் விழித்துவிடும்.
இது நான் நூலகத்தில் புத்தகம் அடுக்கினால் வரும்,
அடுக்காவிட்டால் வராது."

கடனுக்கு உதவி என்று பெயர் வைத்த புண்ணியவான்
ஜென்மத்தில் கடன் வாங்கியிருக்கமாட்டான்.

முப்பத்தோரு வருஷம் காகிதம் செய்தேன்.
அதில் என்ன அச்சடிப்பார்கள் என்று
ஒருநாளும் யோசித்ததில்லை.
இந்தக் கடிதம்கூடத் திரையில்தான் வந்தது.
எனக்காக அவள் பிரின்ட் எடுத்திருந்தாள்.
ஓரத்தைத் தடவிப் பார்த்தேன்.
எங்கள் ஆலைச் சரக்கு இல்லை.

இரண்டு மணி நேரப் பயணம்.
டோக்கன் நாற்பத்தாறு.
கண்ணாடிக்கு அப்பால் மர்லிஸ் க்வின்பி,
மூக்கு நுனியில் கண்ணாடி, ஜலதோஷம்.
"ஆலை எப்போது மூடினார்கள்?"
"அக்டோபர்."
"படிவத்துக்கு அக்டோபர் தெரியாது, மிஸ்டர் பெல்ட்டியே.
தெரியவைக்கலாம்.
பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு,
பிறகு உங்கள் கைப்பட ஒரு பக்கம்,
என்ன நடந்ததென்று."

அந்த ஒரு பக்கம்!
காரில் உட்கார்ந்து ஸ்டியரிங்கில் வைத்து எழுதினேன்.
'ஆலை மூடப்பட்டது.' அது எல்லோருக்கும் தெரியும்.
'எனக்கு வேலை' வரைக்கும் எழுதி
பேனா நின்றது.
இன்றும் நாலரைக்கு விழித்துக்கொள்கிறேன்
என்று எழுதலாமா? அதற்குக் கட்டம் இல்லை.
பக்கத்து வீட்டு ஆர்மாண்டிடம்
ஷிஃப்ட் மாறியிருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
ஆறு மாதமாக மாறிக்கொண்டே இருக்கிறது.
ஓடெட் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்,
வேண்டுமென்றே.

கடைசியில் லாரியைப் பற்றி எழுதினேன்.
நகராட்சிக்குப் பனி தள்ளும் லாரி.
பனி விழுந்தால் கூலி,
விழாத நாளில் இல்லை.
வானம் பார்த்த பிழைப்பு.
இந்தக் குளிர்காலம் வானம் வறண்டு கிடந்தது.
மொத்தம் பத்தொன்பது நாள்.
அந்த எண்ணை எழுதியதும்
மீதி தானாக வந்துவிட்டது.

அவள் படித்தாள்.
ஓர் எழுத்துப்பிழை திருத்தினாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

மர்லிஸ் வாங்கி, எண்ணி, கிளிப் மாட்டினாள்.
"ஆறு வாரம் ஆகும்.
அதற்குள் வருமானம் மாறினால் தெரிவிக்கவேண்டும்."
தும்மினாள். நாற்பத்தேழு.

திரும்பும்போது ஓடெட் ஓட்டினாள்.
பாதி வழியில், ஏப்ரல் மாதத்தில்,
கண்ணாடியில் ஒன்று வந்து ஒட்டியது,
பிறகு நாலைந்து,
பிறகு சாலையே தெரியவில்லை.
போன் அடித்தது. நகராட்சி.
ராத்திரி பத்து மணிக்கு வரமுடியுமா?
வருகிறேன் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

வைத்த பிறகுதான் உறைத்தது.
"இதையும் அந்த அம்மாவிடம் சொல்லணுமா?"
ஓடெட் சிரிப்பை அடக்க முடியாமல்
வைப்பரைப் போட்டாள்.