கீழ்வரி

பன்னிரண்டு வருடம் கழித்து இரண்டாம் சீசன் வந்தது.
கருங்கலில், ஆதார் திருத்த வந்தவர்கள் எல்லாம் போனபிறகு
ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் பார்த்தேன்.
நல்ல மழை. ஒவ்வொரு துளிக்கும் நிழல்கூட உண்டு.
யாரும் நனையவில்லை.

முதல் சீசனில் மழை என்றால்
சாய்ந்த நாலு கோடு.
அதே நாலு கோடுதான் திரும்பத் திரும்ப ஓடும்,
கம்பெனியிடம் காசில்லை போல.
ஆனால் மினேயின் நெற்றியில் முடி ஒட்டிக் கிடக்கும்.
நான் பாதியில் எழுந்துபோய்
கொடியில் கிடந்த துணியை எடுத்திருக்கிறேன்.

ஜெர்பினுக்கு வேறு கணக்கு.
தூத்தூர்க்காரன். சுறாத் தூண்டிலுக்குப் போகிறவன்,
நாற்பது நாள் கடல், ஒரு வாரம் கரை.
"பழசுல கடல கையால வரஞ்சிருக்கான் யக்கா, நீவாடு தெரியும்.
இது சும்மா மினுங்குது.
நங்கூரம் போட்டா கயிறு எந்தப் பக்கம் இழுக்கும்ணு
வரஞ்சவனுக்கே தெரியாது."
டீ ஆறியபிறகு அவனே சொன்னான்:
"ஆனா இஞ்சின் ரூமு இப்பந்தான் இஞ்சின் ரூமு.
பழசுல அங்க பாட்டு கேக்கும்.
இதுல ஒருத்தன் இருமிக்கிட்டே இருக்கான்."

நான் கண்டது வேறொரு பிழை.
அது என்னுடையது.

முதல் சீசன், கடைசி அத்தியாயம்,
இருபத்தொன்றாம் நிமிடம் எட்டாவது வினாடி.
கேப்டன் இசோரு படியிறங்குவான்.
மினே எதுவும் கேட்கமாட்டாள்.
அவன் ஒரே ஒரு சொல் சொல்வான்.
ஜப்பானிய அகராதியில் அதற்குப் பொருள்: போகிறேன்.
வருவதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

அப்போது எனக்கு இருபது வயது, மணி இரவு இரண்டு.
தமிழில் கீழ்வரி எழுதிக்கொண்டிருந்தவளுக்கு
போகிறேன் என்று அடிக்க விரல் வரவில்லை.
சாவு வீட்டில்கூடச் சொல்லாமல்தானே இறங்குகிறோம்,
போறேன் என்று யார் வாயால் சொல்கிறோம்?
போயிட்டு வாறேன் என்று அடித்தேன்.
திரையில் ஒன்றரை வினாடிக்கு அது நீளம்.
இருந்தும் விட்டுவிட்டேன்.

இரண்டாம் சீசனில் கப்பல் வந்தது. அவன் வரவில்லை.
மினே இப்போது துறைமுகத்தில் சுங்கச்சீட்டு கிழிக்கிறாள்.
யாரையும் எதிர்பார்ப்பதாகத் தெரியவில்லை.
எட்டு அத்தியாயத்தில் அவன் பெயர் ஒருமுறைதான் வருகிறது,
அதுவும் கடன் பட்டியலில்.

தமிழில் பார்த்தவர்கள் கொதித்தார்கள்.
வாக்குக் கொடுத்துவிட்டு வராதவன் என்ன நாயகன்,
பழைய எழுத்தாளன் கை இதில் படவே இல்லை என்றார்கள்.
பத்துகாணியிலிருந்து ஒரு பையன்
மூன்று நிமிடம் அழுது ஆடியோ அனுப்பினான்.
ஜப்பானில் எவரும் ஏமாறவில்லை.
அங்கே அவன் வாக்கே கொடுக்கவில்லை.

பழைய கோப்பைத் திறந்தேன்.
வாறேன் என்ற சொல்லின் பின்னால் கர்சர் துடித்தது.
அழித்தால் இரண்டாம் சீசன் நியாயமாகிவிடும்.
ஒருவேளை, முதலைவிட நல்லதுங்கூட.
ஆனால் மினே அந்தப் படியில்
பன்னிரண்டு வருடம் முன்பே
கொஞ்சம் கூடுதலாகத் தனியே நிற்கவேண்டிவரும்.
அழித்தேன். திரும்பப் போட்டேன்.
சேமிக்கவா என்று கேட்டது,
வேண்டாம் என்றேன்.

திங்கட்கிழமை தேங்காய்ப்பட்டணத்திலிருந்து
ஜெர்பினின் போட்டு கிளம்புகிறது.
மெமரி கார்டை நீட்டினான்.
ஒரு சீசனுக்குத்தான் இடம். எதை ஏற்றட்டும் என்றேன்.
"பழசு மனப்பாடம். புதுசப் போடு.
அதுல அவன் வரல்லல்லா,
எங்க கெடக்கான்ணு பாக்கணும்."
இன்னும் நாலு அத்தியாயம் வரவேண்டியிருக்கு என்றேன்.
தலையாட்டினான்.
கார்டைச் சட்டைப்பையில் போட்டு பட்டனை மாட்டினான்.
பைக்குக்கு மூன்று உதை.
கை காட்டினான், வாயைத் திறக்கவில்லை.

கடைக்கு முப்பது ரூபாய் தரவேண்டும் அவன்.
கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
பாக்கி இருக்கட்டும்.