ஒலியை நிறுத்திப் பார்த்தேன்

பேட்டரிக் கடையில் ஒன்பது மணி வரை
ஊருக்கெல்லாம் மின்சாரம் கடன் கொடுத்துவிட்டு
வீடு திரும்புவேன். வீடு இருட்டாக இருக்கும்.
மோல்மேனில் இது பழகிப்போன வேடிக்கை.

இருட்டுக்குள் ஒரு செவ்வகம் மட்டும் எரியும்.
அதன் முன்னால் என் மகன் வேல்குமரன்,
பதினாறு மாதம், ஏழு பல்,
உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பான்.

'படிக்கிறான்' என்பது வடிவாம்பாளின் சொல்.
கிள்ளானில் இருக்கும் மைத்துனி
இருபத்தாறு வீடியோ அனுப்பியிருந்தாள்.
வெள்ளைத் திரை. சிவப்பில் ஓர் ஆங்கிலச் சொல்.
ஒரு பெண்குரல் வாசிக்கும். பிறகு படம்.
அவள் பக்கத்து ஃபிளாட் குழந்தை
பத்தே மாதத்தில் நீர்யானையை எழுத்துக்கூட்டியதாம்.
"மூளை ஈரமா இருக்கும்போதே அச்சுக் குத்திடணும் அத்தான்,
காய்ஞ்சா போச்சு."
செங்கல் சூளைக்காரர் வீட்டில் பிறந்தவன் நான்.
உடனே புரிந்துவிட்டது. அதுதான் தப்பு.

'கிளாப்' என்று சொல் வந்தால் கை தட்டினான்.
பொன்னரசி படம்பிடித்துத் தங்கைக்கு அனுப்பினாள்.
நான் நம்பினேன். இரண்டு நாள் முழுசாக நம்பினேன்.
பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வந்த
மோன் கிழவரைக்கூட விடவில்லை,
மகன் இங்கிலீஷ் படிக்கிறான் என்றேன்.

மூன்றாம் நாள், திருட்டுத்தனமாக,
அதே சொல்லை அட்டைப்பெட்டியில்
கரியால் எழுதிக் காட்டினேன்.
கடித்தான்.
சரி, என் கையெழுத்து அப்படி.

பிறகு வீடியோவைப் போட்டு, ஒலியை நிறுத்தினேன்.
சிவப்புச் சொல் வந்தது. நின்றது. போனது.
கைகள் மடியிலேயே கிடந்தன.
மெல்லத் திரும்பி
என் வாயைப் பார்த்தான்.
குரல் அங்கே ஒளிந்திருக்கிறதோ என்று
விரலை விட்டுத் தேடினான்,
கடைவாய்ப் பல் வரைக்கும்.

பொன்னரசியிடம் இதைச் சொல்லவில்லை.
பெற்ற பிள்ளைக்குப் பரீட்சை வைத்தவன் என்று
பெயர் வாங்குவானேன்.
தவிர, அந்த வீடியோ ஓடும் இருபது நிமிடத்தில்தான்
அவள் சோறு வடிக்கிறாள், தலை வாருகிறாள்.
அந்த அளவுக்கு அது
நிச்சயமாக உதவுகிறது.

நேற்று போனும் செத்தது.
வீட்டு பேட்டரியைக் கழற்றிக்
கல்யாண வீட்டுக்குக் கொடுத்திருந்தேன், இரட்டை வாடகை.
மெழுகுவத்தி, டீ, கொசு.
அவள் கிளாஸை எடுத்ததும்
மேசையில் ஈர வளையம் ஒன்று.
அவன் அதில் விரல் வைத்தான்.
ஒரு சுற்றுச் சுற்றி,
"வ" என்றான்.

பொன்னரசி எழுந்தே விட்டாள்.
பர்மிய வ ஒரு முழு வட்டம்.
பஸ்ஸில், கடைப் பலகையில், அரிசி மூட்டையில்
எங்கே திரும்பினாலும் உருண்டு கிடக்கும்.
"படிச்சிட்டான்! அதுவும் இந்த ஊர் எழுத்தை!"

எனக்கு அது தமிழ் வா.
நெடிலாக்க மூச்சுப் போதவில்லை, அவ்வளவுதான்.
என்னைக் கூப்பிடுகிறான்.

தீப்பெட்டி கேட்டு மேலே வந்த
கீழ்வீட்டு டோ மியா தி
எங்கள் சண்டையைக் கேட்டுச் சிரித்தார்:
"வ என்றால் வயிறு நிறைந்தது.
பிள்ளை போதும் என்கிறது, உங்களுக்குக் காது இல்லையா?"

அவனோ வளையத்தை உள்ளங்கையால் அழித்து
நக்கிப் பார்த்தான். சர்க்கரை இருந்திருக்கும்.
கிளாஸைக் காட்டி, மறுபடியும், "வ."
டீயில் தோய்த்து இன்னொன்று வைத்தேன்.
அவன் சொன்னான். நாங்கள் சொன்னோம்.
இன்னொன்று.
டோ மியா தி தீப்பெட்டியை மறந்து
தன் விரலாலேயே ஒன்று போட்டார்.

மேசை நனைந்து ஒழுகும் நேரத்தில்
மின்சாரம் வந்தது.
செவ்வகம் தானாகக் கண் திறந்தது.
வடிவாம்பாள் கேட்டிருந்தாள்: எத்தனை சொல் ஆச்சு?

ஓர் எழுத்து என்று தட்டினேன்.
எந்த மொழி என்பதில்
வீட்டில் இன்னும் தகராறு.